வாட்டி ஸ்பிங்க்கின் மலிவு நேரம்

என் தலைக்கு மேல் வீட்டில் குடியிருக்கும் வாட்டி ஸ்பிங்க்கை இந்தக் கதை முழுக்க ‘அவர்’ என்றுதான் எழுதப்போகிறேன். அது அவருக்காக இல்லை, அவர் மனைவி ஐனாவுக்காக. ஐனா மட்டும் இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு ஒரு ‘ர்’ போடுவதே வீண் செலவு.

ஆர்ப்ரோத் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் புகைபோடும் கொட்டகைகளைத் தாண்டினால் எங்கள் கட்டடம். நகரசபை கட்டியது. கடல் காற்று நேராக எங்கள் ஜன்னலில்தான் வந்து மோதும். வாட்டி ஸ்பிங்க் பேருந்துகளில் டிக்கெட் சோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். வழியில் ஏறி, ஏழை பாழைகள் பையைத் துழாவித் தவிப்பதைப் பார்த்து ரசிப்பதுதான் அவருக்கு வேலை, சம்பளம், பொழுதுபோக்கு எல்லாம். ஓய்வு பெற்றதும் பிடிப்பதற்கு ஆள் கிடைக்காமல் கை அரித்தது. அதனால் எங்கள் ஹீட்டர்களைப் பிடித்துக்கொண்டார். பெயருக்கேற்றபடி எங்களை வாட்டி எடுத்தார்.

எங்கள் கட்டடத்துக்கு கேஸ் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் சுவரோரம் செங்கல் அடைத்த கனமான ஹீட்டர்தான். நள்ளிரவிலிருந்து விடியும்வரை மின்சாரம் மலிவு. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் செங்கல் சூடேறும். மறுநாள் முழுக்க அந்தச் சூட்டை வைத்து ஓட்ட வேண்டும். சூடேறும்போது உள்ளே தகடுகள் டிக், டிக் என்று முனகும். இந்தக் கட்டடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் எல்லாரும் தூங்குகிறோம். ஹீட்டரின் மேலே இரண்டு குமிழ்கள். எவ்வளவு சூட்டை வாங்கி வைக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு வெளியே கொடுக்க வேண்டும் என்பதற்கு இன்னொன்று. இன்றைக்குக் குளிருகிறதே என்று இன்றைக்குத் திருகிப் புண்ணியமில்லை. நாளைக்குக் குளிருமா என்று இன்றைக்கே வானத்தைப் பார்த்து முடிவுபண்ண வேண்டும். தப்பாக முடிவுபண்ணியவள் மறுநாள் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சூப் குடிப்பாள். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் சாயங்காலம் இருட்டியதும் ஹீட்டர் செத்துப்போகும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

வாட்டி வீட்டில் மட்டும் அப்படி இல்லை. இருட்டிய பிறகும் அவர் வீட்டு ஹீட்டரில் கை வைத்தால் சுடும். அது போதாதா? மனுஷன் மேதாவி ஆகிவிட்டார்.

அவருடைய முறை என்னவென்றால், வாங்குகிற குமிழை அடியோடு குறைத்து வைக்க வேண்டும். கொடுக்கிற குமிழைக் காலையிலிருந்து இறுக்கி மூடிவிட வேண்டும். சாயங்காலம் அவர் பந்து உருட்டும் கிளப்பிலிருந்து திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் அதைத் திறக்கலாம். அதுவரை ஐனா பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். ‘தொப்பி மாட்டும் நேரம்’ என்று அதற்கு ஒரு பெயர் வேறு. தொப்பியைக் கழற்றுவதற்குக்கூட விழா எடுக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தன் வீட்டோடு நிறுத்திக்கொண்டாலாவது தொலையட்டும் என்று விடலாம். எதிர்வீட்டு பெல்லா டொரன்ஸ் கதவைத் திறந்து பால் பாட்டிலை எடுப்பதற்குள் உள்ளே நுழைந்துவிடுவார். பெல்லா தனிக்கட்டை, பயந்த சுபாவம். பஸ்ஸில் டிக்கெட் வாங்கி வைத்திருந்தாலும் வாட்டியைக் கண்டால் வியர்த்துப்போகிற ரகம்.

“என்னம்மா இது? வாங்குற குமிழை இவ்வளவு தூரம் திருகி வச்சிருக்கே? நீ என்ன ஊருக்கே சூடு குடுக்கப்போறியா?”

“குளிருதே ஐயா.”

“குளிரத்தான் செய்யும். இது ஸ்காட்லாந்து. உனக்கு இது புரியாது. நான் வச்ச மாதிரி வை, கை வைக்காதே.”

திருகிவிட்டுப் போய்விடுவார். பாவம் பெல்லா அன்று சாயங்காலம் தொப்பி மாட்டும் நேரத்தில் பக்தியோடு கொடுக்கிற குமிழைத் திறப்பாள். ஹீட்டரிலிருந்து ஒரு பெருமூச்சுகூட வராது. மறுநாள் படிக்கட்டில் வாட்டியிடம் சொன்னால், “நீ திறக்கிற விதம் சரியில்லை,” என்பார். குமிழைத் திறப்பதில் என்ன விதம் வேண்டிக்கிடக்கிறது! என்னிடமும் ஒருமுறை வந்தார். “என் வீட்டுக் குமிழைத் தொட்டா உங்க குமிழைத் திருகிடுவேன்,” என்றேன். அதோடு என் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

இதெல்லாம் சும்மா அலட்டல், சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஐனாவின் கதை.

மலிவு நேரம் என்றால் ஹீட்டருக்கு மட்டுமா மலிவு? துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மலிவு, இஸ்திரிப் பெட்டிக்கும் மலிவு, அடுப்புக்கும் மலிவு. அதனால் வாட்டி ஸ்பிங்க் வீட்டில் வேலை எல்லாம் ராத்திரியில்தான். வேலை எல்லாம் என்றால் யாருடைய வேலை? அவர் வயிறு புடைக்கத் தின்றுவிட்டுக் குறட்டை விடுவார். ஐனா அலாரம் வைத்து எழுந்து, துவைத்து, காயப்போட்டு, முந்தின நாள் துணியை இஸ்திரி போட்டு, அவருடைய காலைத் தேநீருக்கு ஸ்கோன் ரொட்டி சுட்டு, விடிவதற்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும். காலையில் அவர் மடித்த துணியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டுவார். டிக்கெட் சரியாக இருக்கிறதாம்!

அந்த இயந்திரம் என் படுக்கைக்கு நேர் மேலே. அது பிழியும்போது என் விளக்கு ஆடும். முதலில் எனக்கு ஐனா மேல்தான் கோபம் வந்தது. ஒருநாள் துடைப்பத்தின் கட்டையால் கூரையை இடிக்கப் போனேன். அப்போது மேலே அவள் இருமுகிற சத்தம் கேட்டது. நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற இருமல், துணியை வாயில் வைத்து அடக்கிக்கொண்ட இருமல். புருஷன் எழுந்துவிடக்கூடாதாம். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

ஐனா மெலிந்த உடம்புக்காரி. பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள். அவள் பேசினால் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் எனக்கென்று ஒருத்தி உண்டென்றால் அவள்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் தேவாலயக் கூடத்தில் தேநீர் விருந்து. ஐனா பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள். பொருளாளர் கோப்பையில் ஊற்றினாள், கோப்பை நிறைந்தது, தட்டு நிறைந்தது, மேஜை விரிப்பு நனைந்தது, அவர் மடியில் கொட்டியது. அந்த மனுஷன் அலறுகிறார், ஐனா ஊற்றிக்கொண்டே நிற்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்தால் கண் மூடியிருக்கிறது. நின்றபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாள். தோளைத் தொட்டேன். அப்படியே என்மேல் சரிந்துவிட்டாள்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். வாட்டிக்கு அன்றைக்கு கிளப்பில் முக்கியமான ஆட்டமாம். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, இதயம் களைத்துப்போயிருக்கிறது என்று சொன்னார். ராத்திரி முழுசாகத் தூங்க வேண்டும், தூங்காவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்றார். ஐனா தலையை ஆட்டி, “சரிங்க டாக்டர்,” என்றாள். வெளியே வந்ததும், “இன்னிக்கு அவர் சட்டையெல்லாம் ஊறுதுடி,” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலையே படிக்கட்டில் வாட்டியை மடக்கினேன்.

“டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? அவ ராத்திரி முழுக்கத் தூங்கணுமாம்.”

“டாக்டருக்கென்னம்மா, அவர் வீட்டுல கேஸ் இருக்கு.”

“துணியைப் பகல்ல துவைச்சா குடி முழுகிடுமா?”

“பகல்லயா?” கெட்ட வார்த்தை கேட்டதுபோல முகத்தைச் சுளித்தார். “பகல் ரேட்டு என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? அதுக்கு பவுண்டு நோட்டைத் துறைமுகத்துல கொண்டுபோய்க் கொட்டிடலாம்.”

“அப்ப நீங்க எழுந்து துவைங்க. கை இருக்கு, கால் இருக்கு.”

“நானா? நான் திட்டம் போடுறவன். தூக்கம் கெட்டா எனக்குத் தலை வேலை செய்யாது.”

“இப்ப மட்டும் செய்யுதாக்கும்!”

“உனக்கு இது புரியாது நெட்டா. குளிர்காலம் முடியட்டும். அப்புறம் அவ எவ்வளவு வேணாலும் தூங்கட்டும்.”

எங்கள் ஊரில் குளிர்காலம் எப்போது முடிகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜூன் மாதம் கடற்கரையில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஐஸ்கிரீம் தின்கிறோம். தூ என்று துப்பியிருப்பேன், அன்றைக்குப் படிக்கட்டு கழுவும் முறை என்னுடையது என்பதால் விட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேலே போனார். அன்று ராத்திரியும் என் விளக்கு ஆடியது.

பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு மேல், ஐனாவுக்கு ஒரு கிண்ணத்தில் ஆட்டெலும்பு சூப்பும் கடையில் வாங்கிய இறைச்சிப் பணியாரம் ஒன்றும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வாட்டி வழக்கம்போல் பந்து உருட்டப் போயிருந்தார். அதிசயமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஐனா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சுருண்டிருந்தாள். அவளைச் சாப்பிட வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிக்.

என்னடா இது என்று பார்த்தேன். சுவர்க் கடிகாரம் இல்லை, அது நின்று பல வருஷமாகிறது. புது பேட்டரி போட வாட்டிக்கு மனசு வரவில்லை.

டிக், டிக்.

ஹீட்டர்! எழுந்து போய் அதன்மேல் கை வைத்தேன். சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெயில், உச்சிப் பொழுது இப்போதுதான் தாண்டியிருக்கிறது, ராத்திரி முனக வேண்டிய ஹீட்டர் இப்போது முனகிக்கொண்டிருக்கிறது.

“ஐனா, இது ஏன்டி பகல்ல சத்தம் போடுது?”

“அது எப்பவும் அப்படித்தான். மத்தியானம் ஆனா ஆரம்பிச்சிடும்.”

“ராத்திரியில?”

“ராத்திரியில சத்தமே இருக்காது. துணி மடிக்கிறப்போ கொஞ்சம் சூடு கிடைக்குமேன்னு மேல கை வச்சுப் பார்ப்பேன். மீன் பெட்டி ஐஸ் மாதிரி இருக்கும். இவர்கிட்டயும் சொன்னேன்.”

“மேதாவி என்ன சொன்னார்?”

“‘வாங்குது ஐனா. வாங்கும்போது கொடுக்காது. உனக்கு இது புரியாது’ன்னார்.”

நான் அப்படியே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். செருப்பு அலமாரிக்கு மேலே மீட்டர் பெட்டி. அதன் மரக்கதவைத் திறந்தேன். மலிவு நேரத்தைத் தொடங்கி வைக்கிற பழைய வட்டக் கடிகாரம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பாதி வெள்ளை, பகலுக்கு. பாதி கறுப்பு, ராத்திரிக்கு. முள் கறுப்புக்குள் நின்றது. அந்தக் கடிகாரத்தைப் பொறுத்தவரை ஊரே உறங்கும் நேரம் அது.

எனக்கு உடனே அந்தப் புயல் ஞாபகம் வந்தது. கடல் சுவரைத் தாண்டி அலை தெருவுக்கு வந்த வருஷம். ஒரு ராத்திரி முழுக்க மின்சாரம் இல்லை. இந்தக் கடிகாரங்கள் மின்சாரத்தில் ஓடுபவை. நின்றால் நின்ற இடத்திலிருந்துதான் மறுபடி கிளம்பும். அதனால் மின்சாரக் கம்பெனி ஆள் வீடு வீடாக வந்து சரியாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். வாட்டி வீட்டுக்கும் வந்தான். அவர் கதவைத் திறக்கவில்லை. கடிதம் போடும் துவாரத்தின் வழியாக, “ஊரையே சோதிச்சவன்டா நான், என்னைச் சோதிக்க வர்றியா?” என்று கத்தினார். படிக்கட்டெல்லாம் எதிரொலித்தது. அந்தப் பையன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆக, அன்றிலிருந்து அந்த வீட்டில் பகல் ராத்திரி, ராத்திரி பகல். மதியம் சூடேறுகிற ஹீட்டர் சாயங்காலம் சுடாமல் என்ன செய்யும்? வாட்டி ஸ்பிங்க்கின் மேதாவித்தனம் அத்தனையும் ஒரு பழுதான கடிகாரம். அதை நம்பி பெல்லா வருஷக்கணக்காக நடுங்கியிருக்கிறாள்.

ஐனாவுக்கு விளக்கிச் சொன்னேன். செருப்புப் போட உட்காரும் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“அப்ப நான் ராத்திரி துவைச்சதெல்லாம்?”

“முழு ரேட்டு.”

“இஸ்திரி?”

“அதுவும்தான்.”

“ஸ்கோன்?”

“அந்த ஆள் தின்ன ஒவ்வொரு ஸ்கோனும் முழு ரேட்டுடி.”

அவள் சிரித்தாள். ஐனா சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று ஏப்ரன் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். “என் தூக்கமெல்லாம் போச்சேடி,” என்றாள். “ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரியாவது முழுசாத் தூங்கியிருப்பேனே.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “வரட்டும் அந்த ஆள். தொப்பியை மாட்டுறதுக்கு முன்னாடி அந்த ஆணியிலயே அவரை மாட்டிடுறேன்.”

“சொல்லாதே நெட்டா.”

“என்னது?”

“சொன்னா கடிகாரத்தைச் சரி பண்ணிடுவார். மறுபடி நான் ராத்திரி எழுந்திருக்கணும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப மத்தியானம்தானே மலிவு? அவர்தான் வீட்டுல இருக்கமாட்டாரே.”

பல வருஷப் பழக்கம், எனக்கு இப்படி ஒரு ஐனா உள்ளே இருப்பதே தெரியாது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாட்டி கிளப்புக்குப் படி இறங்கியதும் மேலே இயந்திரம் ஓடத் தொடங்கும். மதிய வெயிலில் இஸ்திரி, மதிய வெயிலில் ஸ்கோன். அவர் வருவதற்குள் எல்லாம் அலமாரிக்குள். ராத்திரி ஐனா தூங்கினாள். காலையில் அவர் எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து, மடித்த துணியை மேஜையில் வைத்து, ஸ்கோனைத் தட்டில் அடுக்கிவிடுவாள். அவர் தடவிப் பார்த்துத் தலையாட்டுவார். முந்தின நாள் ஸ்கோன் என்பதுகூட அந்த நாக்குக்குத் தெரியவில்லை. என் விளக்கு ஆடுவது நின்றது. ஐனாவின் கன்னத்தில் சதை வைத்தது, இருமல் குறைந்தது. டாக்டரே தன் மருந்துதான் காரணம் என்று சந்தோஷப்பட்டார். அவர் நல்ல மனுஷர், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த கரண்ட் பில் குறைந்தது. குறையாதா பின்னே! உடனே வாட்டி ஸ்பிங்க்குக்குத் தலைகால் புரியவில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செலவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று முழங்கத் தொடங்கிவிட்டார். கட்டுப்பாடாம், திட்டமாம், தொலைநோக்காம். பெல்லா நடுங்கிக்கொண்டே கையைத் தூக்கினாள். நிஜமாகவே குளிரில் நடுங்கினாள்.

“நீங்க சொன்ன மாதிரியேதான் வைக்கிறேன் ஐயா. எனக்கு மட்டும் ஏன் சாயங்காலம் சில்லுன்னு கிடக்கு?”

“ஹீட்டருக்கும் எஜமானன் யாருன்னு தெரியணும்மா.”

நான் வாயைத் திறந்தேன். ஐனா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் கண்ணில் நீர் வந்தது. மூடிக்கொண்டேன். அன்று கூட்டம் முடிந்ததும் பெல்லா வீட்டுக்கு நானே போய், வாங்குகிற குமிழை முக்கால் திருகு திருகி, “இதை எவன் வந்து தொட்டாலும் என்னைக் கூப்பிடு,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் பழைய மீட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதியவை வைக்க வேண்டும், யாரும் மறுக்க முடியாது என்று நகரசபை சொல்லிவிட்டது. ஐனா அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. “இன்னும் எத்தனை நாள் தூங்கலாம்னு பார்க்கிறேன்டி,” என்றாள். மீட்டர் மாற்ற ஆள் வந்த அன்று நானும் மேலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாட்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலை செய்ய வந்த பெண்ணின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பழைய கடிகாரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “சார், இது பகலை ராத்திரின்னு நினைச்சுக்கிட்டு ஓடியிருக்கு. பல வருஷமா இருக்கும்போல. யாருமே கவனிக்கலையா?”

“அப்படி இருக்க முடியாது,” என்றார் வாட்டி.

“இதோ பாருங்க சார்.”

பார்த்தார். பஸ்ஸில் எத்தனையோ பேர் முகத்தில் அவர் வரவழைத்த அதே முழி இப்போது அவர் முகத்தில். நான் இதற்காகத்தான் இத்தனை காலம் உயிரோடு இருந்தேனோ என்று தோன்றியது. அந்தப் பெண் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போனதும் ஐனா பக்கம் திரும்பினார்.

“ராத்திரி எழுந்து நடமாடுறவ நீதானே? ஹீட்டர் சில்லுன்னு இருந்தா சொல்ல வேண்டாமா?”

“சொன்னேன்.”

“எப்ப சொன்னே?”

“சொன்னேன். ‘வாங்குது, வாங்கும்போது கொடுக்காது’ன்னு சொன்னீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன். இருமிக்கொண்டார், கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார், தொப்பியை ஆணியிலிருந்து எடுத்து மறுபடி அதிலேயே மாட்டினார். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வந்தால் வாய் கோணிவிடும்போல.

“சரி, போனது போகட்டும். ஒருவிதத்துல நல்லதுதான். இப்ப நேரம் சரியாயிடுச்சு. இனிமே ராத்திரி துவைச்சா நிஜமாவே மலிவு. இன்னிக்கே ஆரம்பிச்சிடு ஐனா.”

எனக்குக் கை பரபரத்தது. ஆனால் ஐனா அவசரப்படவில்லை. கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்தாள். கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

“எனக்கு இதெல்லாம் புரியாது வாட்டி. இத்தனை வருஷமா தப்பான நேரத்துல துவைச்சு உன் காசைத்தான் கரியாக்கியிருக்கேன். புரிஞ்சவன் நீ. நீயே பண்ணிடு.”

எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மட்டமத்தியானம். வாட்டி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் எழுந்து, “வரட்டுமா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அவளை எழுப்பிப் பார்த்திருக்கிறார். அவள் எழுந்திருக்கவில்லை. கெஞ்சியும் பார்த்திருக்கிறார், திட்டியும் பார்த்திருக்கிறார். “புரியாதவகிட்ட வேலை வாங்காதே, மறுபடி தப்பாயிடும்,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். துணி குவிந்தது. பகலில் துவைப்பதா, அதற்கு அவர் மதம் மாறியே விடுவார். ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனார். அங்கே பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து உட்காரத் தொடங்கினார்கள். இதற்கிடையில் தொப்பி மாட்டும் நேரத்தில் அவருடைய ஹீட்டரும் எங்களுடையதைப் போலவே செத்துக்கிடந்தது. படிக்கட்டில் நின்று, புது மீட்டர் சரியில்லை, ஹீட்டர் சில்லென்று கிடக்கிறது என்று புலம்பினார். பெல்லா டொரன்ஸ், நம்ம பெல்லா, பால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “வாங்குது ஐயா. வாங்கும்போது கொடுக்காது.” அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள்.

போன வாரம் ஒரு ராத்திரி என் விளக்கு மறுபடி ஆடியது. திக்கென்றது. ஐயோ, இவள் மறுபடி எழுந்துவிட்டாளா, மனசு இளகிவிட்டாளா என்று நினைத்துப் புரண்டுகொண்டிருந்தேன். விடிந்து, எல்லாரும் காலைச் சாப்பாடு முடித்திருக்கும் நேரத்தில் மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தது வாட்டி. முழங்கைவரை ஈரம். கண் சிவந்திருந்தது. பின்னால் இஸ்திரிப் பலகையில் அவருடைய கிளப் சட்டை விரிந்து கிடந்தது, முதுகில் இஸ்திரிப் பெட்டி வடிவத்திலேயே ஒரு பழுப்புக் கறை. வீடு முழுக்கக் கருகல் நாற்றம்.

“ஐனா எங்கே?”

“தூங்குறா. இன்னும் தூங்குறா, பாரேன்!” குரல் கம்மியிருந்தது. “நான் ராத்திரியெல்லாம் முழிச்சே இருந்தேன் நெட்டா. இடுப்பு விட்டுப்போச்சு. தலை சுத்துது. ஒரு மனுஷன் எப்படி இதைத் தினமும் பண்ணுறது?”

பதில் சொல்ல எனக்கு என்னென்னவோ வாயில் வந்தது. பெரும்பாலும் பாதிரியார் முன்னால் சொல்ல முடியாதவை. அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குளிர்காலம் முடியட்டும் வாட்டி,” என்றேன். “அப்புறம் எவ்வளவு வேணாலும் தூங்கலாம்.”

உள்ளே படுக்கையறையிலிருந்து ஐனாவின் குறட்டை கேட்டது. அவள் எழுந்துவிடக்கூடாதே என்று படியில் சத்தமில்லாமல் இறங்கி வந்தேன்.